டிரம்ஸ் யார் என்று பாருங்கள்: லண்டனின் புது ஜாஸைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயலியில் ‘ஜாஸ்’ என்று தட்டினால் முதலில் வந்து நிற்பவை படிக்க, தூங்க, மழை நேரத்தில் காப்பி குடிக்க என்று பெயர் வைத்த பிளேலிஸ்ட்கள்தான். அவற்றில் வரும் பல பெயர்களைத் தேடிப் பார்த்தால் மேடையேறி வாசித்த ஆள் ஒருவரும் அகப்படமாட்டார். லண்டனில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தலையெடுத்த இளைய ஜாஸ் கலைஞர்களைக் கேட்க வேண்டும் என்று கிளம்புகிறவர் செய்யும் முதல் தவறு, இந்த வாசல் வழியாக நுழைவது.

இதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ஓர் உருப்படி 30 விநாடி ஓடினால்தான் கேட்டதாகப் பதிவாகும். எட்டு நிமிட உருப்படி ஒன்றில் முதல் ஒரு நிமிடம் பாஸும் டிரம்ஸும் மட்டும் மெல்லப் பேசிக்கொண்டிருந்தால் பொறுமையில்லாதவர் தாவிவிடுவார். தாவாமல் ஓடவிடும்படி இருப்பது பின்னணி இசை. அதனால் அதுவே மேலே மேலே வரும்.

பிளேலிஸ்ட் சரியான ஆட்களைக் காட்டினாலும் ஒரு சிக்கல் உண்டு. 2018 பிப்ரவரியில் பிரவுன்ஸ்வுட் என்ற லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) வெளியிட்ட ‘வீ அவுட் ஹியர்’ தொகுப்பில் ஒன்பது உருப்படிகள். மூன்றே நாளில் பதிவு செய்தார்கள். இசைப் பொறுப்பு சாக்ஸஃபோன் கலைஞர் ஷபாகா ஹட்சிங்ஸுக்கு. அதில் கடைசியாக வரும் கோகோரோகோ குழுவின் ‘அபுசே ஜங்ஷன்’ யூடியூபில் பரவி, செயலிகளெல்லாம் ஓயாமல் எடுத்துக் கொடுக்கும் ஒன்றாகிவிட்டது. இதமான கிட்டார், மெதுவான நடை. அதை மட்டும் கேட்டவர் இந்த லண்டன்காரர்கள் எல்லாருமே தாலாட்டுகிறவர்கள் என்று நினைத்துக்கொள்வார். அதே தொகுப்பில் தியோன் கிராஸ் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தை வைத்துக்கொண்டு செய்யும் ரகளை அவர் காதுக்கு வந்து சேராது. இப்படி ஒரு தொகுப்பு கிடைத்தால் முதல் உருப்படியிலிருந்து வரிசையாக, ஷஃபிளை அணைத்துவிட்டு, ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். எந்த வாத்தியம் காதை இழுத்ததோ அதை வாசித்தவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்தான் அடுத்த வேலைக்கு முதல்.

இனி வருவது பெரிய தவறு. ஆல்பத்தின் மேலே இருக்கும் பெயரை மட்டும் பின்தொடர்வது. கச்சேரிக்குப் போகிறவர்கள் மிருதங்கம் யார், வயலின் யார் என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கேயும் கொண்டுவரலாம். லண்டனில் ஒரே கூட்டம்தான் மாறி மாறி ஒருவர் ஆல்பத்தில் மற்றவர் வாசிக்கிறது. கேரி கிராஸ்பியும் ஜெனின் அயர்ன்ஸும் 1991இல் தொடங்கிய டுமாரோஸ் வாரியர்ஸ் என்ற பயிற்சி அமைப்பில் இளவயதிலேயே சேர்ந்து வாசித்தவர்கள் இவர்களில் பலர். எஸ்ரா கலெக்டிவ் குழுவினர், நுபையா கார்சியா, மோசஸ் பாய்ட், தியோன் கிராஸ், ஷீலா மாரிஸ்-கிரே என்று பட்டியல் நீளும். தலைவர் பெயரை மட்டும் பார்த்தால் ஒரு ஆல்பத்தோடு கதை முடிந்துவிடும். பக்கத்தில் வாசித்தவர்களைப் பார்த்தால் ஒரு ஆல்பம் ஐந்து ஆல்பத்துக்கு வழி சொல்லும்.

செய்து பார்ப்போம். நுபையா கார்சியாவின் ‘சோர்ஸ்’, 2020. சாக்ஸஃபோன் அவர், கீபோர்டு ஜோ ஆர்மன்-ஜோன்ஸ், பாஸ் டேனியல் காசிமிர், டிரம்ஸ் சாம் ஜோன்ஸ். ஆல்பங்களின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் இந்த ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்து கீழே, யார் என்ன வாசித்தார் என்று சொல்லும் கிரெடிட்ஸ் பகுதிக்குப் போங்கள். காசிமிர் பெயரைத் தட்டினால் அவருடைய பக்கம் வரும். அங்கே அவர் சொந்தப் பெயரில் வெளியிட்டவை தனியாகவும், பிறருக்கு வாசித்தவை கிரெடிட்ஸ் என்ற பிரிவில் தனியாகவும் இருக்கும். வாத்தியம் வாசித்தவற்றை மட்டும் வடிகட்டி, ஆண்டு வாரியாக அடுக்குங்கள். சொந்த வெளியீடுகளில் ‘பாக்ஸ்ட் இன்’ (2021) கண்ணில் படும். சிறு குழுவோடு நிற்காமல் ஆர்கெஸ்ட்ரா சேர்த்துச் செய்த வேலை. ‘சோர்ஸ்’ பிடித்தவருக்கு இது பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம். அதில் டிரம்ஸ் மோசஸ் பாய்ட். அவரைப் பிடித்துப் பின்னால் போனால் பிங்கர் கோல்டிங்கோடு இருவர் மட்டும் வாசித்த ‘டெம் ஒன்ஸ்’ (2015) வரும். முன்னால் வந்தால் தியோன் கிராஸின் ‘ஃபையா’ (2019). அதில் சாக்ஸஃபோனுக்கு மறுபடியும் நுபையா கார்சியா. வட்டம் கூடிவிட்டது. கூடிய வட்டத்துக்கு வெளியே போக வேண்டுமானால் ஜோ ஆர்மன்-ஜோன்ஸைப் பிடித்து எஸ்ரா கலெக்டிவுக்குப் போகலாம், அல்லது கார்சியா இருந்த நெரியா குழுவுக்குப் போய், அங்கிருந்து கேஸி கினோஷி நடத்தும் சீட் ஆன்சம்பிளுக்குத் தாவலாம்.

இந்த வழியில் ஒரு பள்ளமும் இருக்கிறது. செயலியின் தேடலில் சாம் ஜோன்ஸ் என்று போட்டால் கேனன்பால் ஆடர்லியோடு பாஸ் வாசித்த அமெரிக்கர் வந்து நிற்பார். அவர் 1981இலேயே காலமாகிவிட்டார். லண்டனில் டிரம்ஸ் வாசிக்கும் சாம் ஜோன்ஸ் வேறு ஆள். ஸ்ட்ரீமிங் செயலிகள் சில சமயம் ஒரே பெயருள்ள இருவரின் வெளியீடுகளை ஒரே பக்கத்தில் போட்டுக் குழப்பியும் வைக்கும். டிஸ்காக்ஸில் ஒரே பெயர்க்காரர்களுக்குப் பக்கத்தில் எண் போட்டுப் பிரித்திருப்பார்கள். பெயரைத் தட்டச்சு செய்து தேடுவதைவிட ஆல்பம் பக்கத்திலிருந்து பெயரைத் தட்டிப் போவதே பத்திரம்.

லேபிளை மட்டும் நம்புவதும் அரைகுறை வேலைதான். பிரவுன்ஸ்வுட், கியர்பாக்ஸ், ஜாஸ் ரீஃப்ரெஷ்ட் மூன்றையும் பின்தொடர வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் பெயர் வந்ததும் ஆட்கள் இடம் மாறிவிடுகிறார்கள். ‘சோர்ஸ்’ வந்தது கான்கார்ட் ஜாஸ் என்ற அமெரிக்க லேபிள் வழியாக. ஷபாகா ஹட்சிங்ஸின் சன்ஸ் ஆஃப் கெமெட் குழு 2018இல் இன்னொரு அமெரிக்க லேபிளான இம்பல்ஸுக்குப் போய்விட்டது.

விருதுப் பட்டியலுக்காகக் காத்திருப்பவர்கள் இன்னும் தாமதமாக வந்து சேர்வார்கள். பிரிட்டன், அயர்லாந்து ஆல்பங்களுக்குத் தரப்படும் மெர்குரி பரிசை 2023இல் எஸ்ரா கலெக்டிவ் வென்றபோது, அதை வென்ற முதல் ஜாஸ் குழு என்று செய்தி வந்தது. குழு தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இளைஞர்கள் முதலில் ஆல்பம் போடுவதில்லை. நாலைந்து உருப்படி உள்ள ஈபி போடுகிறார்கள். கார்சியாவின் முதல் வெளியீடு 2017இல் ஜாஸ் ரீஃப்ரெஷ்டின் ‘ஃபைவ்’ வரிசையில் வந்தது. அந்த வரிசையே புதியவர்களை அறிமுகப்படுத்தத்தான். ஸ்பாட்டிஃபையில் கலைஞர் பக்கத்தில் ஆல்பம் என்ற பிரிவு முன்னால் இருக்கும். சிங்கிள், ஈபி இரண்டும் வேறு பிரிவில் கிடக்கும். அதைத் திறக்காதவருக்கு ஒரு கலைஞரின் முதல் மூன்று ஆண்டுகள் தெரியாமலே போகும்.

கலைஞர்களும் லேபிள்களும் நேரடியாக இசையை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்குகிறவர்கள் இங்கே சிங்கப்பூரில் அடிக்கடி சறுக்குவது நேரத்தில். அந்தத் தளம் வழக்கமாக டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடும், இசைத்தட்டு போன்ற பொருள்களில் 10 விழுக்காடும் எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ (பேண்ட்கேம்ப் ஃபிரைடே) நாள்களில் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கிறது. ஆனால் அந்த நாள் அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. நமக்கு அது வெள்ளி பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி சனி பிற்பகல் 3 மணிக்கு முடியும். நவம்பர் தொடக்கம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை 4 மணி. வெள்ளி காலை வேலைக்குப் போகும் வழியில் ஆர்வமாக வாங்கியவர் கலைஞருக்கு எதையும் கூடுதலாகக் கொடுத்துவிடவில்லை. எல்லா மாதமும் அந்த நாள் வருவதும் இல்லை. தேதியைத் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ட்ரீமிங்கில் கணக்கு வேறு. பெரும்பாலான புதிய வெளியீடுகள் அந்தந்த ஊர் வெள்ளி நள்ளிரவில் திறக்கின்றன. லண்டனைவிட ஏழு, எட்டு மணி நேரம் முன்னதாகவே நமக்குக் கிடைத்துவிடும். அதே ஆல்பம் பேண்ட்கேம்பில் அப்போது இன்னும் முன்பதிவில் இருந்தால் பதற வேண்டாம்.

பேண்ட்கேம்பில் பலர் பயன்படுத்தாமல் விடும் ஒன்று, ஆல்பத்தின் பக்கத்தில் வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள். பெரிய பெயருள்ள ஆல்பத்தில் இதனால் பயனில்லை, ஆயிரம் பேர் இருப்பார்கள். யாரும் அறியாத ஓர் ஈபியை எடுங்கள். அதை வாங்கிய சிலரில் ஒருவரின் படத்தைத் தட்டினால் அவர் வாங்கிய எல்லாமே வரும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மூன்று நான்கு ஆல்பங்கள் அங்கும் இருந்தால் அவரைப் பின்தொடருங்கள். எந்தப் பிளேலிஸ்ட்டும் இவ்வளவு துல்லியமாகப் பரிந்துரைக்காது.

இசைத்தட்டு வாங்குவது பற்றிச் சுருக்கமாக. பேண்ட்கேம்பில் எல்பி தட்டு வாங்கினால் பெரும்பாலும் டிஜிட்டல் பிரதியும் கூடவே வரும், இரண்டையும் தனித்தனியே வாங்காதீர்கள். ஒவ்வொரு விற்பனையாளரும் தனிப் பொட்டலம் அனுப்புவார். அதனால் ஒரே லேபிளிலிருந்து இரண்டு மூன்றைச் சேர்த்து வாங்கினால் அஞ்சல் செலவு தட்டுக்குத் தட்டு குறையும். 2023 ஜனவரி முதல் 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும், ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் விற்கும்போதே வரி வாங்குகிறார்கள். இப்போது அது 9 விழுக்காடு. விலையைப் பார்க்கும்போது அஞ்சலையும் வரியையும் கூட்டிப் பாருங்கள். வந்த தட்டின் மேலிருக்கும் சுருக்குப் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு நிறுத்தி வையுங்கள். நம் ஊர் வெக்கையில் அது இறுகித் தட்டை வளைத்துவிடும்.

கேட்கும் விதத்தில் ஒரு தவறு, இந்தக் கலைஞர்களுக்கென்றே உள்ளது. 2022இல் ஓய்ந்துவிட்ட சன்ஸ் ஆஃப் கெமெட் குழுவில் பியானோ, கிட்டார், பாஸ் எதுவும் இருந்ததில்லை. ஒரு சாக்ஸஃபோன், இரண்டு டிரம்ஸ், பாஸின் வேலையைச் செய்ய ஒரு டியூபா. கைப்பேசி ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப முடியாது. எம்ஆர்டியில் சாதாரண இயர்ஃபோனோடு கேட்டால் ரயிலின் இரைச்சலும் அதே தாழ்ந்த அலைவரிசையில் வந்து டியூபாவை விழுங்கிவிடும். மிஞ்சுவது ஒரு சாக்ஸஃபோன் தனியாகக் கத்துவது மட்டும். ‘ஒன்றும் புரியவில்லை’ என்று ஒதுக்கியவர்களில் பலர் உண்மையில் பாதி வாத்தியங்களைக் கேட்கவே இல்லை. காதை நன்றாக மூடும் ஹெட்ஃபோன் போதும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. செயலியில் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உருப்படியின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

லண்டனுக்குச் சொன்ன வழி உள்ளூருக்கும் பொருந்தும். இதை ஏனோ நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். பியானோ கலைஞர் ஜெரமி மொண்டேரோ 2016இல் தொடங்கிய சிங்கப்பூர் ஜாஸ் சங்கத்துக்கு இளையர் இசைக்குழு ஒன்று உண்டு. எஸ்பிளனேட் கலையரங்கின் கான்கோர்ஸில் இலவச நிகழ்ச்சிகள் நடக்கும். புல்லாங்குழல் கலைஞர் ராகவேந்திரன் ராஜசேகரனின் ராகாஜாஸ் குழுவைக் கேட்டவருக்கு ராகத்திலிருந்து ஜாஸுக்குப் போகும் வழி தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நிகழ்ச்சி முடிவில் தலைவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவார். கைதட்டுவதோடு நின்றுவிடாமல் பாஸ், டிரம்ஸ் இரண்டு பெயரையாவது கைப்பேசியில் குறித்துக்கொண்டு, வீடு திரும்பியதும் பேண்ட்கேம்பில் தேடுங்கள். பெயரில் கிடைக்காவிட்டால் சிங்கப்பூர், ஜாஸ் இரண்டு குறிச்சொற்களையும் வைத்து, புதியது முதலில் வரும்படி அடுக்கிப் பாருங்கள்.