வெள்ளம் வந்த பேஸ்மென்டில் புதுத் தரை: நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள்

2024 ஜூலை 16 அன்று ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் பதிவான மழை 97.8 மில்லிமீட்டர். அதன் பிறகு ஸ்காபரோவில் நான் ஏறி இறங்கிய பேஸ்மென்ட்கள் பல. தரை போடும் இந்த வேலைக்குப் புதிதாக வந்த தம்பிமார் நான் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகளை விடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊறிய கார்பெட்டைக் காயவைத்து மறுபடி விரிக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம்.

கொங்கிரீட் காய்ந்துவிட்டதென்று கண்ணால் முடிவு செய்வது

அதிகம் பணத்தைத் தின்பது இதுதான். தரை வெளிறிவிட்டது, கையை வைத்தால் ஈரம் ஒட்டவில்லை, சரி, போடலாம் என்கிறார்கள். கொங்கிரீட் நுண்துளைகள் நிறைந்தது. மேற்பக்கம் முதலில் காயும். உள்ளே குடித்த தண்ணீர் அங்கேயே இருக்கும். மேலே மூடியதும் அது மெல்ல ஏறி வந்து பலகைக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். பழைய வீடுகள் பலவற்றில் கொங்கிரீட்டுக்குக் கீழே பொலித்தீன் விரிப்பே கிடையாது. மண்ணின் ஈரமும் சேர்ந்து வரும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் தண்ணீர் வடிந்து பத்தாம் நாளே லேமினேட் தரைப் பலகை போட்டேன். முதலாம் திகதி வாடகைக்கு ஆள் வருகிறது என்று வீட்டுக்கார அக்கா அவசரப்பட்டார், நானும் தலையாட்டிவிட்டேன். மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டார். படியில் இறங்கும்போதே மக்கிய வாடை. பலகைகளின் ஓரம் உப்பிக் காலில் தட்டியது. ஒன்றைக் கிளப்பினேன். அடியில் விரித்த ஃபோம் ஷீட்டில் வியர்த்த மாதிரித் துளிகள், பலகையின் பின்புறம் முழுக்கக் கரும் பூஞ்சணம். அந்தத் தரையில் ஒரு கைக்குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கி என் செலவில் மறுபடி போட்டுக் கொடுத்தேன். இன்றும் மனதை உறுத்துவது அந்தக் குழந்தைதான்.

18 அங்குலச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப்பால் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். நான் மூன்று நாள் விடுவேன். அடியில் துளி பிடித்தாலோ கொங்கிரீட் கறுத்தாலோ இன்னும் காயவில்லை. துளி இல்லையென்றாலும் அத்தோடு நம்பிவிட முடியாது. தரைத் தடிப்பில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு, உள்ளே ஈரப்பதமானியை வைத்து அளப்பதுதான் சரியான வழி. 4 அங்குலத் தரை என்றால் 1.6 அங்குலம். ஒரு நாள் கழித்து அது காட்டும் அளவை, பலகைக் கம்பனி சொல்லும் எல்லையோடு ஒப்பிடுங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் இரவு பகலாக ஓடினாலும் வாரக்கணக்கில் ஆகலாம். ஆகட்டும்.

பெட்டியில் உள்ள ‘வாட்டர்புரூஃப்’ என்ற சொல்

வைனில் பலகை நனைந்தாலும் கெடாது, உண்மைதான். ஆனால் கீழிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அதன் அடியிலேயே நிற்கும். பலகை நன்றாக இருக்கும்; அதன் கீழே பூஞ்சணம் வளரும்.

பழைய 9 அங்குல டைல்

சுரண்டாதீர்கள். மூச்சுக்குள் போனால் ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம், முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

சுவரை மறப்பது

சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் அட்டையான ட்ரைவால் தண்ணீரைத் திரி மாதிரி மேலே இழுக்கும். சுவரின் அடியோரம் ஓடும் பட்டையை, பேஸ்போர்டை, கழற்றிப் பின்னால் பாருங்கள்.

தண்ணீர் வந்த வழி

சாக்கடை திரும்பி வந்ததென்றால், அதைத் தடுக்கும் பேக்வாட்டர் வால்வைப் பார்க்க வேண்டும். சுவரில் வெடிப்பென்றால் வெடிப்பைப் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்த அப்புறம்தான் பலகை வாங்கப் போவது. சுவரோரம் வெள்ளை உப்புப் பொடி பூத்திருந்தால் கூட்டித் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். அந்த இடத்தில் ஈரம் கொங்கிரீட்டுக்குள்ளால் வந்திருக்கிறது.