மான் கறி சேமிப்பு: கணக்கு எங்கே தப்புகிறது?

வேட்டை சீசன் நெருங்கும்போது, மான் கறியை அன்றாடச் சமையலுக்குச் சேர்த்து வைக்கும் வீடுகளில் ஒரு கேள்வி வரும்: இந்த வருஷம் எத்தனை மான் வேண்டும்? பெரும்பாலானவர்கள் ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். அடுத்த சீசன் வரும்போது ஒன்று ஃப்ரீசரின் அடியில் பழைய பொட்டலங்கள் கிடக்கும், இல்லையென்றால் பாதி வருஷத்திலேயே கறி தீர்ந்திருக்கும். மானிலிருந்து கணக்கைத் தொடங்குவதால் வரும் வினை இது. வாரத்துக்கு எத்தனை வேளை, ஒரு வேளைக்கு எவ்வளவு, எந்த மாதிரி சமையல் என்று தட்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வந்தால், மானின் எண்ணிக்கை தானாக வந்துவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இது உரிமம் பெற்று மான் வேட்டையாட அனுமதி உள்ள நாடுகளுக்கான கணக்கு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவதும் குற்றம், அதன் கறியை வைத்திருப்பதும் குற்றம்.

உயிர் எடையைக் கறி எடையாக எடுத்துக்கொள்வது

எல்லாக் கணக்கையும் கவிழ்க்கும் தவறு இது. 70 கிலோ மான் விழுந்தது என்றால் மனசு உடனே 50 கிலோ கறியைப் பார்க்கிறது. நடப்பது வேறு. குடல், ஈரல், நுரையீரல் எல்லாம் எடுத்துவிட்டால் 55 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். தலை, தோல், குளம்பு போன பிறகு எலும்பையும் நீக்கினால், அந்த 55 கிலோவில் பாதி கிடைத்தாலே நல்ல வெட்டு. அதிலும் குண்டு பாய்ந்த இடத்தில் ரத்தம் கட்டிய சதையை வீச வேண்டும். தொங்கவிட்டுப் பதப்படுத்தினால் மேற்புறம் காய்ந்து கறுத்துப்போகும், அதையும் சீவி எறிய வேண்டும். மானின் கொழுப்பு மெழுகு மாதிரி வாயில் ஒட்டும், ஃப்ரீசரிலும் சீக்கிரம் வாடை பிடிக்கும். அதையும் முடிந்தவரை அகற்றுவார்கள். கடைசியில் கையில் நிற்பது 20 முதல் 25 கிலோ.

உயிர் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் பெரிதாக ஏமாற மாட்டீர்கள். 25 கிலோ எடையுள்ள சின்ன ரோ மானில் எட்டு கிலோதான் தேறும். 200 கிலோவைத் தாண்டும் எல்க் என்ற பெரிய மான் ஒன்று கிடைத்தால் ஒரு குடும்பத்தின் வருஷக் கணக்கு அதோடு முடிந்துவிடும். ஆகவே ‘இரண்டு மான்’ என்று சொல்வதில் ஒரு தகவலும் இல்லை. எந்த மான், என்ன எடை என்பதைச் சொன்னால்தான் அது கணக்கு.

நெஞ்சில் அல்லது கழுத்தில் குண்டு பட்ட மானுக்கும் தோளில் பட்ட மானுக்கும் சில கிலோ வித்தியாசம் வரும். திட்டம் போடும்போது நல்ல குண்டை நம்பி எழுதாதீர்கள், கீழ் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

52 வாரத்தாலும் பெருக்குவது

இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்குத் தலைக்கு 150 கிராம் பச்சைக் கறி, பிள்ளைகளுக்கு 100 கிராம். வேளைக்கு அரை கிலோ. வெந்த பிறகு எடையில் கால் பங்கு போய்விடும் என்பதால், 150 கிராம் தட்டில் விழும்போது 110 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். இதைப் பச்சை எடையில் கணக்கிடுகிறோமா வெந்த எடையிலா என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், அங்கேயே கால் பங்கு உதைக்கும்.

வாரம் இரண்டு வேளை, 52 வாரம் என்றால் 104 வேளை, 52 கிலோ. காகிதத்தில் சரி. ஆனால் எந்தக் குடும்பமும் வருஷம் முழுக்க ஒரே கறியை விடாமல் சாப்பிடுவதில்லை. ஊருக்குப் போகும் வாரங்கள், விருந்து வாரங்கள், உடம்பு சரியில்லாத நாட்கள், ‘இன்றைக்கும் மான் கறியா?’ என்று பிள்ளைகள் முகம் சுளிக்கும் வாரங்கள். 40 வாரம் என்று எடுத்துக்கொண்டால் 80 வேளை, 40 கிலோ. அதாவது மேலே சொன்ன 70 கிலோ மான் இரண்டு. 52 கிலோவை நம்பியிருந்தால் மூன்றாவது மானைத் தேடிப் போயிருப்பீர்கள். அந்த மூன்றாவது மான்தான் அடுத்த சீசன் வரை ஃப்ரீசரில் கிடக்கும்.

மான் கறி வீட்டுக்குப் புதிது என்றால் முதல் வருஷம் வாரம் ஒரு வேளை போதும். கொழுப்பு மிகக் குறைந்த கறி இது. மற்ற இறைச்சிக்குப் பழகிய கை அதே நேரம் வேகவைத்தால் வறண்டு போகும். சமைக்கும் கை பழகாமல் சரக்கை மட்டும் குவிப்பதில் அர்த்தம் இல்லை.

கிலோவை எண்ணி, துண்டை எண்ணாமல் விடுவது

என்னைக் கேட்டால், அனுபவம் உள்ளவர்கள்கூடச் சறுக்கும் இடம் இதுதான். 40 கிலோ என்று எழுதிவைத்தாகிவிட்டது. அந்த 40 கிலோவும் ஒரே கறி இல்லையே.

முதுகெலும்பின் இருபுறமும் நீளமாக ஓடும் சதையைத்தான் வேட்டைக்காரர்கள் பேக்ஸ்ட்ராப் என்கிறார்கள். அதுவும், உள்ளே இருக்கும், டெண்டர்லாயின் எனப்படும் இரண்டு சின்னச் சதைகளும் சேர்ந்தால் ஒரு மானுக்கு இரண்டு, இரண்டரை கிலோ. இரண்டு மானுக்கு ஐந்து கிலோ என்றால் பத்து வேளை. எல்லோரும் கேட்பது இதைத்தான், சில நிமிஷத்தில் வெந்துவிடுவதும் இதுதான். இது சீசன் முடிந்த இரண்டாம் மாதமே தீர்ந்துவிடும். பின்தொடையில் நல்ல கனமான துண்டுகள் கிடைக்கும். நார் பார்த்துக் குறுக்கே மெல்லிசாக வெட்டினால் வேகமாகச் சமைக்கலாம், முழுசாக வைத்தும் வேகவைக்கலாம். மீதி ஏறத்தாழ பாதி இருக்கிறதே, கழுத்து, முன்கால், தோள், கீழ்க்கால், விலாவில் சீவிய சதை, இதெல்லாம் மணிக்கணக்கில் மெதுவாக வேக வேண்டியவை, அல்லது கொத்துக்கறிக்குப் போக வேண்டியவை.

இப்போது வீட்டின் பழக்கத்தைப் பாருங்கள். வேலை நாட்களில் அரை மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்க முடியாத வீடு என்றால், நாற்பது கிலோவில் பாதி வார இறுதிக்கு மட்டுமே உதவும். அங்கே இன்னொரு மான் உதவாது. பிரஷர் குக்கரோ, மெதுவாக வேகவைக்கும் மின் பாத்திரமோதான் உதவும். கொத்துக்கறியை விரும்பிச் சாப்பிடும் வீடு என்றால் தலைகீழ்: தொடையையும் அரைக்கச் சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடும். கறி வெட்டித் தருபவரிடம் மானைக் கொடுக்கும் முன்பே இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘வழக்கம்போல வெட்டுங்கள்’ என்றால் அவர் வழக்கம்தான் வரும், உங்கள் வீட்டு வழக்கம் வராது.

சீவிய சதையை எல்லாம் அன்றே அரைத்துவிடுவது

அரைத்த கறிக்குக் காற்று படும் பரப்பு அதிகம். ஃப்ரீசரில் நன்றாக இருக்கும் காலம் மூன்று நான்கு மாதம்தான். முழுத் துண்டாக இருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம். காற்றுப் புகாமல் வேக்யூம் பேக் செய்தால் இன்னும் கொஞ்சம் நீளும். மைனஸ் 18 டிகிரியில் நிலையாக இருந்தால் அதற்குப் பிறகும் கறி விஷமாகிவிடாது, ருசியும் மென்மையும்தான் போகும். அன்றாடச் சாப்பாட்டுக்கு அது போனாலே பிள்ளைகள் தொட மாட்டார்கள்.

நம் கணக்கில் 20 கிலோ அளவுக்குக் கொத்துக்கறியும் மெதுவாக வேகும் கறியும் வருகிறது. முழுவதையும் அரைத்து வைத்தால், வாரம் ஒரு வேளை அரை கிலோ என்று செலவழிக்க நாற்பது வாரம் ஆகும். நாலு மாதத்தில் பாதிகூடக் குறையாது. இதற்கு எளிய வழி, அரைக்க வேண்டிய சதையைப் பெரிய துண்டுகளாகவே உறைய வைப்பது. மாதத்துக்கு ஒருமுறை தேவையானதை மட்டும் ஃப்ரிட்ஜில் பாதி இளக வைத்து அரைத்துக்கொள்ளலாம். பாதி உறைந்த கறி அரைவை இயந்திரத்தில் சுத்தமாகவும் அரைபடும்.

இன்னொன்று. மான் கொத்துக்கறி உதிர்ந்து போகாமல் இருக்கப் பத்து முதல் இருபது சதவீதம் வேறு கொழுப்பு சேர்ப்பவர்கள் உண்டு. சேருங்கள், ஆனால் சமைக்கும் நாளில். உறைய வைக்கும்போதே சேர்த்தால் கொழுப்பு சீக்கிரம் கெட்டு, நல்ல கறியின் ஆயுளையும் குறைத்துவிடும். சேர்த்த கொழுப்பையும் மான் கறி என்று எண்ணிக் கணக்கை ஏமாற்றிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

ஃப்ரீசரில் இடம் இருந்தால் போதும் என்று நினைப்பது

28 லிட்டர் இடத்தில் நெருக்கமாக அடுக்கினால் 16 கிலோ கறி பிடிக்கும். கோணல்மாணலான பொட்டலங்கள் என்றால் அதைவிடக் குறையும். நூறு லிட்டர் ஃப்ரீசரில் நம் 40 கிலோ அடங்கிவிடும். எல்லோரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரே நாளில் எவ்வளவு உறைய வைக்க முடியும் என்பதுதான் அடுத்த கேள்வி. அதே 28 லிட்டருக்கு 24 மணி நேரத்தில் ஒரு கிலோ, மிஞ்சிப் போனால் 1.4 கிலோ. நூறு லிட்டருக்கு நாலைந்து கிலோதான். வெட்டிவந்த 23 கிலோவை ஒரே இரவில் உள்ளே திணித்தால் நடுவில் இருக்கும் பொட்டலங்கள் நாள் கணக்கில் உறையாமல் நிற்கும், ஏற்கெனவே உறைந்திருந்தவையும் இளகும். மெதுவாக உறைந்த கறியில் பெரிய பனிப்படிகங்கள் உருவாகித் திசுவைக் கிழித்துவிடுவதால், இளக வைக்கும்போது நீர் வடிந்து சக்கையாகிவிடும்.

அதனால் கறியை ஃப்ரிட்ஜில் நாலு டிகிரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, நாளுக்குக் கொஞ்சமாக ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். அரைத்த கறி முதலில் போக வேண்டும், ஃப்ரிட்ஜில் அது ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. துண்டுகள் மூன்று முதல் ஐந்து நாள் காத்திருக்கும். இரண்டு மான்களையும் ஒரே வாரத்தில் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வேட்டைக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்பதும் திட்டத்தின் பகுதிதான். மின்சாரம் போனால், கதவைத் திறக்காதவரை நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம்.

பொட்டலத்தின் அளவு ஒரு வேளைச் சமையலுக்குச் சரியாக இருக்கட்டும். ஒரு கிலோ பொட்டலத்தைப் பிரித்துப் பாதியைச் சமைத்தால், மீதிப் பாதியும் அந்த வாரமே சமைக்க வேண்டி வரும், கணக்கு ஓடிவிடும். கொத்துக்கறியைத் தட்டையாக அழுத்திக் கட்டினால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். மேலே துண்டின் பெயர், எடை, தேதி, எந்த மான் என்று எழுத வேண்டும்.

எந்த மான் என்று ஏன்? க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்ற நோய்க்காகத்தான். 1967-ல் அமெரிக்காவின் கொலராடோவில் முதலில் கண்டறியப்பட்ட, மான்களின் மூளையைத் தாக்கும் நோய் இது; பிரியான் என்ற உருக்குலைந்த புரதத்தால் வருவது. உறைய வைத்தாலும் வேகவைத்தாலும் அந்தப் பிரியான் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை என்றாலும், நோய் உள்ள மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்றே சுகாதாரத் துறைகள் சொல்கின்றன. நோய் பரவிய பகுதியில் வேட்டையாடினால் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை அந்தக் கறியைத் தனியாக வையுங்கள். இரண்டு மானின் சதையையும் கலந்து அரைத்துவிட்டால், ஒன்றில் நோய் இருப்பதாக முடிவு வந்தாலும் மொத்தமும் குப்பைக்குத்தான்.

ஈயத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

எப்போதோ ஒரு வேளை சாப்பிடுகிறவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம். வாரம் இரண்டு வேளை சாப்பிடும் வீடு அப்படி இருக்க முடியாது. ஈயக் குண்டு சதைக்குள் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும், காயத்திலிருந்து வெகுதூரம் வரை போகும். காயத்தை ஒட்டிய சதை பெரும்பாலும் எங்கே போகிறது? அரைவை இயந்திரத்துக்கு. அதாவது பிள்ளைகள் அதிகம் சாப்பிடும் கொத்துக்கறிக்கு. 2008-ல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநில சுகாதாரத் துறை, ஈயக் குண்டால் சுட்ட மானின் கறியைக் கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் சாப்பிட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. செம்புக் குண்டுக்கு மாறிவிடுவது இதற்கு நேரான தீர்வு. மாறாதவர்கள் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்து, அந்த இழப்பையும் கணக்கில் கழிக்க வேண்டும்.

கொத்துக்கறியை உள்ளே 71 டிகிரி வரை வேகவைக்க வேண்டும். உறைய வைப்பது கிருமியைத் தூங்க வைக்கும், கொல்லாது.

கிடைக்காத மானை வரவில் எழுதுவது

வருஷத்துக்கு இரண்டு மான் சுட உரிமம் இருக்கிறது என்பதற்காக இரண்டும் கிடைத்துவிடாது. பல வேட்டைக்காரர்கள் சீசன் முழுக்க அலைந்து வெறும் கையோடு திரும்புகிறார்கள். ஒரு மானை வைத்தே அடிப்படைத் திட்டத்தைப் போடுங்கள்: 40 வாரம், வாரம் ஒரு வேளை, 20 கிலோ. இரண்டாவது வந்தால் வாரத்துக்கு இன்னொரு வேளை. போன சீசனில் மிஞ்சியதை எடை போட்டுப் புதிய தேவையிலிருந்து கழிக்கவும் மறக்கக் கூடாது. உங்கள் கறி வருஷம் ஜனவரியில் தொடங்குவதில்லை, சீசன் முடிந்த வாரத்தில் தொடங்குகிறது. அடுத்த சீசனுக்கு இரண்டு மாதம் முன்பு ஃப்ரீசரைக் காலி செய்து எண்ணிப் பார்த்தால், மிச்சத்தைத் தீர்க்கவும் நேரம் இருக்கும்.

மிஞ்சியதை விற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் வேட்டையாடிய காட்டு மானின் கறியை விற்கக் கூடாது, கொடுக்கலாம். சில நாடுகளில் விதிகளுக்கு உட்பட்டு விற்கவும் முடியும். எவ்வளவு கறியை, எதுவரை வீட்டில் வைத்திருக்கலாம், கொடுக்கும்போது உரிம எண்ணை எழுதித் தர வேண்டுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். உரிமம் வாங்கும் நாளிலேயே இதையும் கேட்டுக்கொள்ளலாம்.