பழைய பட்டாள மெடல் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஓரத்தைப் படியுங்கள்

பழைய ராணுவப் பொருள் சேர்க்கிறேன் என்று சொன்னால், எங்கள் மதுரைப் பக்கம் எல்லாரும் முதலில் கேட்பது "த்ரீ நாட் த்ரீ கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்காது. அந்த ரக ரைபிள் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட வகை, சாதாரண லைசென்ஸில் வாங்க முடியாது. யாராவது பேப்பர் இல்லாமல் முடித்துத் தருகிறேன் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் நிம்மதியாக வைத்துக்கொள்ளக் கூடியவை மெடல்கள். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கமெல்லாம் பட்டாளத்துக்குப் போன குடும்பங்கள் உண்டு. தாத்தாவின் மெடல் தகரப்பெட்டியில் கிடந்து, வீடு இடிக்கும்போது பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறிவிடுகிறது. அப்படி வருபவற்றை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு கொடுக்கலாம் என்பதை, நான் பணத்தை விட்டுக் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

எந்த மெடல் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் உலகப் போருக்கு நம் பக்கம் அதிகம் வருவது இரண்டு. ஒன்று பிரிட்டிஷ் வார் மெடல். வெள்ளி. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு ஆள், 1914, 1918 என்ற ஆண்டுகள். மற்றது விக்டரி மெடல். வெண்கலம், இறக்கை விரித்த பெண் உருவம், வானவில் நிற ரிப்பன். இரண்டுமே 36 மி.மீ. விட்டம். வார் மெடலில் வெண்கலத்திலும் ஒரு வகை உண்டு. தொழிலாளர் படைகளில் போனவர்களுக்குத் தந்தது. வெள்ளியை விட அது அரிது. அதனால் "வெண்கலம்தானே, டூப்ளிகேட்" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இரண்டாம் போருக்கு ஆறு முனை ஸ்டார்கள், வார் மெடல், இந்தியா சர்வீஸ் மெடல். கடைசி இரண்டும் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். பார்க்க வெள்ளி போலவே இருக்கும், வெள்ளி விலை கொடுத்துவிடாதீர்கள்.

வெள்ளியா என்று பார்க்க

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்பனைக் கழற்றிவிட்டு எடை போடுங்கள். முதல் போரின் வெள்ளி வார் மெடல் 31 கிராமை ஒட்டி நிற்கும். அப்புறம் தராசில் பாதி டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கி, மெடலை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். தராசு சுமார் 3 கிராம் காட்டினால் வெள்ளி. 3.6 பக்கம் போனால் ஜெர்மன் சில்வர் மாதிரி வேறு ஏதோ. மேலே ரிப்பன் மாட்டும் கம்பியின் இடுக்கில் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டால் கணக்கு தப்பும். உள்ளே விட்டதும் லேசாக ஆட்டிக் குமிழை உதிர்த்துவிட்டுப் பாருங்கள்.

மதுரைத் தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளில் காட்டிக் கேட்கலாம்தான். ஆனால் உரைகல்லில் மட்டும் தேய்க்க விடாதீர்கள். அந்தத் தேய்மானம் ஓரத்தில்தான் விழும், நமக்குச் சிப்பாயின் பெயர் குத்தியிருக்கும் அந்த ஓரம்தான் முக்கியம்.

ஓரம்: நான் ஏமாந்த இடம்

மூன்று வருடம் முன்பு ஒரு பழம்பொருள் கடையில் வார் மெடல் ஒன்று பார்த்தேன். ஓரத்தில் எண், சிப்பாய் என்ற பதவி, நல்ல தமிழ்ப் பெயர், 64வது பயனியர்ஸ். மதராஸ் மாகாணத்துப் பழைய படைப்பிரிவு அது. "தம்பி, நம்ம ஊர்ப் பேரு. இது மாதிரி வராது" என்றார் கடைக்காரர். எடை சரி. வெள்ளியும் சரி. 9,500 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். இரண்டு மாதம் அதை மேஜை மேலேயே வைத்திருந்தேன். அந்தப் பெயரைத் தினமும் படிப்பேன். எனக்கு அது ஒரு மனிதராகவே ஆகிவிட்டது.

அப்புறம் வேறொரு மெடலோடு சேர்த்து வைத்து அளந்தபோதுதான் தெரிந்தது. வெள்ளி நிஜம், மெடல் நிஜம், பெயர் பொய். யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் பெயரை அரத்தால் ராவிவிட்டு, இங்கே விலை போகும் பெயர் ஒன்றை வெட்டியிருக்கிறார்கள். இரண்டு பேரின் பெயர் அதில் கெட்டுப்போனது. பணம் போனதை விட அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதனால் இந்தப் படியில் அவசரம் வேண்டாம். விட்டம் அளக்கும் டிஜிட்டல் வெர்னியரை இடவலமாக வைத்து அளங்கள். பிறகு மேலே கம்பி சேரும் இடத்துக்கு ஒட்டினாற்போல வைத்து, எதிர்ப்புறம் வரைக்கும் அளங்கள். தொடாத மெடலில் இரண்டும் ஒன்றாகவே வரும். நான் ஏமாந்ததில் இடவலமாக 35.6, கம்பி ஓரமாக 35.8. காரணம் எளிது. கம்பியை ஒட்டிய மூலைக்குள் அரம் நுழையாது. அங்கே பழைய ஓரம் ஒரு சின்னத் திட்டாக மிஞ்சி நிற்கும். நகத்தை மெல்ல ஓட்டினால் தட்டும்.

அடுத்து பத்து மடங்கு லென்ஸ். அசல் பெயர் எழுத்து எழுத்தாக அச்சுக் குத்தியது. குழியின் அடி மங்கலாக, மெடலின் மற்ற இடம் எந்த அளவு கறுத்திருக்கிறதோ அதே அளவு கறுத்திருக்கும். கையால் வெட்டிய எழுத்தில் உளி நடுங்கிய தடம் தெரியும், முனைகள் ஊசியாக முடியும். லேசரில் எழுதியதென்றால் எல்லா எழுத்தும் ஒரே ஆழம், அடியில் கருகிய பொடிப்பொடியான புள்ளிகள். செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. நகை வேலைக்காரர் வைத்திருக்கும் மடக்கு லென்ஸே போதும். ஒளி மேலிருந்து விழக் கூடாது, பக்கவாட்டில் விழ வேண்டும்.

வார்ப்பில் ஊற்றிய நகல் இன்னும் எளிதில் பிடிபடும். அச்சில் வார்த்தது ஆறும்போது சுருங்கும், 36 வராது. ராஜாவின் தாடியில் இழை தெரியாது, சோப்பில் செய்தது போல இருக்கும்.

ரிப்பன் புதிது என்பதால் மெடலைச் சந்தேகிக்க வேண்டாம். பலர் மாற்றியிருப்பார்கள். புதிய ரிப்பனைப் "பழசு" என்று சொல்லி விலை ஏற்றினால் மட்டும், கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கைக் காட்டுங்கள். பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அந்தக் காலத்து நூல் இல்லை.

விலை

அடி விலை வெள்ளி விலை. கிராம் 100 ரூபாய் என்று வைத்தால் 31 கிராம், அதில் 92.5 சதவீதம் வெள்ளி, ஆக 2,868 ரூபாய். அன்றைய விலையைப் போட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் பெயருக்கும் படைப்பிரிவுக்கும்தான். பெயர் ராவப்பட்டிருந்தால் அடி விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

எனக்கு விலை ஏறுவது மூன்று இடத்தில். ஒன்று, அதே எண்ணும் பெயரும் உள்ள விக்டரி மெடலும் சேர்ந்து இருந்தால். 1980 வாக்கில் வெள்ளி விலை எகிறியபோது எத்தனையோ வார் மெடல்கள் உருக்கப்பட்டன. அதனால்தான் விக்டரி மெடல் மட்டும் தனியாக அநாதையாகக் கிடைக்கிறது. இரண்டு, கார்னாடிக் இன்ஃபன்ட்ரி, பயனியர்ஸ், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் போன்ற நம் பக்கத்துப் பிரிவுகள். மூன்று, கூடவே டிஸ்சார்ஜ் சான்றிதழ் இருந்தால். காகிதத்தை மெடலோடு சேர்த்தே கேளுங்கள். கடைக்காரர்கள் அதைக் குப்பை என்று தனியாகப் போட்டுவிடுகிறார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பேரம் பேசலாம், பேச வேண்டும். பழைய இரும்புக் கடையில் நான் பேசுவதில்லை. அவர் எடைக்கு வாங்கியதை எடைக்கே கொடுத்துவிடுவார், அது நியாயமான விலைதான். ஆனால் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அங்கேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி பின்னால் எங்கேயும் கிடைக்காது.

வாங்கிய பின் விபூதி, புளி, பாலிஷ் எதுவும் போடாதீர்கள். பூஜைச் சாமான் போலத் துலக்கினால் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். சேர்ப்பவர்கள் அதைத் தொட மாட்டார்கள். இன்னொன்று, நூறு வருடம் தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. முதல் போர் மெடல்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. வெளிநாட்டில் நல்ல விலை கேட்கிறார்கள் என்று பார்சல் கட்டிவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒரு தம்பி, "அண்ணே, எங்க தாத்தாவோட பர்மா ஸ்டார்ல பேரே இல்லையே, டூப்ளிகேட்டா?" என்று கேட்டிருந்தார். இரண்டாம் போரில் பிரிட்டிஷ் படையினருக்குக் கொடுத்தவை பெயர் இல்லாமலே வந்தன. இந்தியப் படையினருக்குத் தந்தவற்றில் பெரும்பாலும் பெயர் உண்டு, ஆனால் இல்லாததாலேயே பொய் என்று சொல்லிவிட முடியாது. குடும்பத்தில் இருந்தே வந்ததென்றால், அதன் காகிதத்தைத் தேடுங்கள்.

இன்னொருவர் பெயரை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க வழி கேட்டார். மெடலில் ஊர் இருக்காது. அந்தச் சிப்பாய் போரில் இறந்தவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணையும் படைப்பிரிவையும் போட்டுத் தேடுங்கள். இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு அப்பா பெயரும் கிராமமும் அங்கே பதிவாகியிருக்கின்றன. மாவட்டத்தை மதுரை என்று தேடினால் வராது, அந்தக் காலத்து வழக்கப்படி ஆங்கிலத்தில் "Madura" என்று தேட வேண்டும். கிராமத்தின் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஊர் தானாகப் பிடிபடும்.