33-க்கும் 32-க்கும் நடுவில் மாட்டிய கணக்கு

பொள்ளாச்சியில் கயிறு வியாபாரம். போன வருஷம் கேரளாவில் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கிளை திறந்தோம். அன்றிலிருந்து மாதக் கடைசியில் கணக்கு உதைத்தது. இங்கே கழிந்த கட்டுகள் அங்கே இருப்பில் ஏறின. ஜிஎஸ்டி கணக்கில் மட்டும் அவற்றுக்குப் பில்லே இல்லை.

முதலில் பில் போடும் தம்பியைத் திட்டினேன். பாவம், அவன்மேல் தப்பில்லை. அப்புறம் கூடப் பணம் கட்டி அதே மென்பொருளின் பெரிய பதிப்பை வாங்கினேன். மூன்று நாள் வீண். திரை மட்டும் அழகானது.

கடைசியில் இரண்டு ஜிஎஸ்டி எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். நடுவில் இருக்கும் பான் எண் ஒன்றேதான். முதல் இரண்டு இலக்கம் வேறு: தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32. மாநிலம் மாறினால் ஒரே முதலாளியின் கிளைகளும் சட்டப்படி தனித்தனி ஆள். விற்காமல் சும்மா சரக்கு அனுப்பினாலும் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி, போட்ட பில் வேண்டும். எங்கள் மென்பொருளோ கிளையை இன்னொரு குடோனாக நினைத்துக்கொண்டிருந்தது.

அடுத்து வேறு மென்பொருள்களின் டெமோ காட்ட வந்த மூன்று பேருக்கும் ஒரே வேலைதான் கொடுத்தேன்: "33-லிருந்து 32-க்கு 20 கட்டு அனுப்பிக் காட்டுங்க." ஒருவர் மட்டும் அதே இடத்தில் வரி பில்லும், சரக்கை வண்டியில் கொண்டுபோவதற்கான இ-வே பில்லும் எடுத்தார். அவருடைய மென்பொருளையே வாங்கினோம். இந்த மாதம் கணக்கு நேரானது, அப்பாடா.