மிரட்டிச் செய்ய வைத்தார்களா, அடித்துச் சொல்ல வைத்தார்களா? மேல்முறையீட்டில் சறுக்கும் இடங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், வேதாளை கரையோரக் கடத்தல் வழக்குகளில் தண்டனை பெறும் படகுக் கூலியாட்களின் மேல்முறையீட்டு மனுவில் இரண்டு வாதங்கள் ஒன்றாகக் குழைந்து கிடக்கும்: "மிரட்டியதால் செய்தேன்", "அடித்ததால் ஒப்புக்கொண்டேன்". முதலாவது, செயலை ஒப்புக்கொண்டு குற்றப்பொறுப்பை மறுப்பது. இரண்டாவது, வாக்குமூலத்தையே சாட்சியத்திலிருந்து தள்ளச் சொல்வது. விசாரணையில் "படகிலேயே நான் இல்லை" என்றவர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் "கழுத்தில் அரிவாள் வைத்தார்கள்" என்றால் எடுபடாது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி நேரடியாகக் கேள்வி கேட்கும் கட்டத்திலேயே (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 313, இப்போது அதற்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 351) மிரட்டலைச் சொல்லியிருக்க வேண்டும். அரசுத் தரப்புச் சாட்சிகளின் குறுக்கு விசாரணையிலும் அது வந்திருக்க வேண்டும்.

மிரட்டல் வாதத்தின் அளவுகோல் மிகக் குறுகலானது. புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதா பிரிவு 32 (1.7.2024-க்கு முந்தைய குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம் 94) கேட்பது, செய்யாவிட்டால் அந்த நபருக்கே உடனடி மரணம் என்ற நியாயமான அச்சம். "படகைக் கொளுத்துவேன்" என்று முந்தின வாரம் போனில் வந்த மிரட்டல் போதாது. மனைவி, பிள்ளைகளைக் கொல்வதாகச் சொன்னதும் இந்தப் பிரிவுக்குள் வராது. கொடுமைதான், ஆனால் சட்ட வாசகம் அப்படி. கூலிக்கு ஆசைப்பட்டுத் தானாகச் சேர்ந்தவருக்கும் கொலை வழக்குக்கும் இது கிடையாது. நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பான நம்முடையது. ஆனால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

ஒப்புதல் வாக்குமூலத்தில் முதல் கேள்வி, எழுதி வாங்கியது யார்? போலீசிடம் சொன்னது புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷ்ய அதினியம் 23-இன்படி செல்லாது. காட்டிய இடத்தில் பொருள் கிடைத்திருந்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாக ஒட்டிய வரி மட்டும் நிற்கும். முழு வாக்குமூலமும் தீர்ப்பில் ஏறியிருந்தால் அதுவே வலுவான காரணம். கஞ்சா வழக்கில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 67-ஆம் பிரிவில் அதிகாரிகள் வாங்கும் வாக்குமூலம் ஒப்புதலாகாது என்று தூஃபான் சிங் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பைத் தங்கக் கடத்தல் வழக்குக்குத் தூக்கிவருவது அடிக்கடி நடக்கும் பிழை. சுங்க அதிகாரி சுங்கச் சட்டம் 108-இன் கீழ் வாங்கிய வாக்குமூலம் ஏற்கத்தக்கதுதான். அங்கே சாக்ஷ்ய அதினியம் பிரிவு 22-இன்படி அச்சுறுத்தல், ஆசைவார்த்தை என்றுதான் வாதிட வேண்டும்.

அதற்கு ஆதாரம்? ரிமாண்டின்போது நீதித்துறை நடுவரிடம் சொன்ன புகார், கைதானவுடன் செய்த மருத்துவப் பரிசோதனை அறிக்கை (அதன் நகல் கைதானவருக்குத் தரப்பட வேண்டும்), சிறை அனுமதிப் பதிவில் எழுதிய காயங்கள். வாக்குமூலத்தை மாதக்கணக்கில் கழித்து மறுத்தால் நம்பமாட்டார்கள்.

மேல்முறையீட்டுக்கான கெடு: செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் பெற ஆகும் காலம் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே நகல் மனுவைத் தீர்ப்பு நாளிலேயே போடுங்கள்.