25,242,524: ஒரு பெரிய எண்ணைக் கையால் காரணிப்படுத்துவது

இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். அதை இரண்டு தடவை அடுத்தடுத்து எழுதினால் 25,242,524. சாதாரண தரக் கணிதத் தாளுக்குக் கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ அதற்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது அருமையான பயிற்சி எண். சதுரக்கோட்டுக் கொப்பியில் கட்டத்துக்கு ஓர் இலக்கமாக எழுதுங்கள்.

முதலில் 2இன் வலுக்கள். கடைசி இரண்டு இலக்கங்கள் 24, அது 4ஆல் வகுபடும். கடைசி மூன்று 524, அதை 8ஆல் வகுத்தால் 4 மீதி. எனவே 4 மட்டுமே வெளியே வரும். ஈவு 6,310,631.

பலர் தவறுவது இந்த வகுத்தலில்தான். நடுவில் 2ஐ 4ஆல் வகுக்க முடியாத இடத்தில் ஈவில் 0 போட வேண்டும். அதை விட்டுவிட்டால் 631,631 வந்து நிற்கும். அந்தப் பிழையான எண் 7, 11, 13 மூன்றாலும் மீதியின்றி வகுபடுவதால், கணக்கு நன்றாகப் போகிறது என்றே தோன்றும். ஈவில் எத்தனை இலக்கம் வரவேண்டும் என்பதை வகுக்கத் தொடங்கும்போதே குறித்துவையுங்கள். இங்கே 7.

சரியான ஈவான 6,310,631இன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 20, ஆகவே 3 காரணி அல்ல. கடைசி இலக்கம் 1, ஆகவே 5உம் அல்ல. 7, 11, 13ஐத் தனித்தனியாக வகுக்க வேண்டாம். 1001 = 7 × 11 × 13 என்பதால், வலமிருந்து மூன்று மூன்றாகப் பிரித்து மாறி மாறிக் கழித்துக் கூட்டினால் போதும்: 631 − 310 + 6 = 327. 327 இம்மூன்றில் எதனாலும் வகுபடாது.

இனி 17, 19, 23 என்று வகுத்துக்கொண்டே போனால் 73 வரும்வரை ஒன்றும் கிடைக்காது. அதற்குள் 14 முதன்மை எண்களை வீணாக வகுத்திருப்பீர்கள். பேனையை வைத்துவிட்டு எண்ணைப் பாருங்கள்: 6,310,631 என்பது 631 × 10,000 + 631, அதாவது 631 × 10,001. நான்கு இலக்க எண் எதையும் இரட்டித்து எழுதினால் 10,001 காரணியாக வந்தே தீரும். 10,001 = 73 × 137; இதை மனனம் செய்வது வீண்போகாது.

631 முதன்மை எண்தானா? 25 × 25 = 625, 26 × 26 = 676. ஆகவே 23 வரையான முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதுவும் வகுக்காது.

25,242,524 = 2² × 73 × 137 × 631

சுட்டிகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 3 × 2 × 2 × 2 = 24 காரணிகள். அவற்றின் கூட்டுத்தொகை (1+2+4) × (1+73) × (1+137) × (1+631) = 7 × 74 × 138 × 632 = 45,177,888. 73, 137, 631 மூன்றின் சுட்டியும் ஒற்றை என்பதால் இது நிறைவர்க்கம் அல்ல.

விடையைச் சரிபார்க்க 9ஆல் வரும் மீதியை மட்டும் நம்பாதீர்கள். 631ஐ 613 என்று மாற்றி எழுதினாலும், மேலே சொன்ன 0 விடுபட்டாலும் அந்த மீதி மாறாது. 11ஆல் வரும் மீதியையும் பாருங்கள்: வலமிருந்து 4−2+5−2+4−2+5−2 = 10. காரணிகளின் மீதிகள் 4, 7, 5, 4; பெருக்கினால் 560, அதை 11ஆல் வகுத்தாலும் 10 மீதி.

அடுத்துச் செய்ய 18,671,867 பொருத்தமானது. இலங்கைத் தேயிலைத் துறையின் முன்னோடியான ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஆண்டு 1867. 1867 முதன்மை எண்ணா என்று அறிய 43 வரை வகுத்துப் பார்க்க வேண்டும்.