ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தை உதாரணம் காட்டுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாநில சுயாட்சி பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் ஸ்காட்லாந்தை இழுப்பார். இழுக்கலாம், தப்பில்லை. ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இழுத்தால் நல்லது.

பலரும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தை நம் சட்டமன்றத்தின் பெரிய அண்ணன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் மாநிலங்களின் அதிகாரம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது, அதில் கைவைக்க நாடாளுமன்றத்தில் சிறப்புப் பெரும்பான்மை மட்டும் போதாது, பாதி மாநிலங்களாவது சம்மதிக்க வேண்டும். ஹோலிரூட் என்று அழைக்கப்படும், எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அப்படிப்பட்ட காப்பு இல்லை. 1997 பொது வாக்கெடுப்பில் 74 சதவீதம் பேர் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்றார்கள், 1998-இல் லண்டன் சட்டம் போட்டது, 1999-இல் 129 உறுப்பினர்களோடு அவை கூடியது. அந்தச் சட்டத்திலேயே, ஸ்காட்லாந்துக்காகச் சட்டமியற்றும் வெஸ்ட்மின்ஸ்டரின், அதாவது லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின், அதிகாரம் குறையாது என்று எழுதிவைத்துவிட்டார்கள். மக்களைக் கேட்காமல் ஹோலிரூட்டைக் கலைக்க மாட்டோம் என்று 2016-இல் சேர்த்ததும் அதே வெஸ்ட்மின்ஸ்டர் போட்ட சட்டம்தான். அரசியல்ரீதியாக யாரும் கலைக்கத் துணிய மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, அப்படியானால் அது வெறும் பொம்மை என்று முடிவுகட்டுவதும் தவறுதான். பாதுகாப்பு, வெளியுறவு, குடியேற்றம் என்று லண்டன் தன்னிடம் வைத்துக்கொண்டவற்றுக்குத்தான் அங்கே பட்டியல். பட்டியலில் இல்லாத எல்லாமே ஹோலிரூட்டுக்கு. நம்மூரில் எஞ்சிய அதிகாரம் ஒன்றியத்துக்குப் போகிறது, அங்கே நேர்மாறு. பள்ளி, மருத்துவமனை, போலீஸ், குற்றவியல் சட்டம் எல்லாம் அவர்கள் கையில்.

"ஸ்காட்லாந்து சம்மதிக்காமல் லண்டன் அதன் துறைகளில் சட்டம் போட முடியாது" என்பதுதான் அடிக்கடி கேட்கும் வாக்கியம். சூவெல் மரபு என்று ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அது சொல்வது, "வழக்கமாக" போடாது என்று. அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாக் கதையும் இருக்கிறது. இது அரசியல் மரபு, நீதிமன்றம் அமல்படுத்தாது என்று 2017-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அடுத்த வருடமே, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் சட்டத்துக்கு ஹோலிரூட் சம்மதம் மறுத்தது, சட்டம் அப்படியே நிறைவேறியது.

அங்கே ஆளுநர் கிடையாது, அதனால் மசோதா கிடப்பில் போடப்படாது என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். ஆளுநர் இல்லைதான். ஆனால் நிறைவேறிய மசோதா அரச ஒப்புதலுக்குப் போகுமுன் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் லண்டன் அமைச்சர் அந்த 1998 சட்டத்தின் 35-ஆவது பிரிவின்கீழ் தடுக்கலாம். பல வருடம் யாரும் தொடாத அந்தப் பிரிவை 2023 ஜனவரியில் முதல்முறையாக எடுத்தார்கள். பாலின அடையாளத்தைச் சட்டப்படி மாற்றிக்கொள்வதை எளிதாக்கும் மசோதா அது, 86-க்கு 39 என்று நிறைவேறியது. ஸ்காட்டிஷ் அரசு வழக்குப் போட்டது, தோற்றது. காரணத்தையும் கெடுவையும் சட்டமே சொல்கிறது என்பதால் வருடக்கணக்கில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் வித்தைக்கு அங்கே இடமில்லை, அது ஒரு பெரிய வித்தியாசம்.

அப்புறம், பட்டியலை மட்டும் படித்துவிட்டு அதிகாரத்தை அளந்துவிடாதீர்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 20 பென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். சுற்றுச்சூழல் ஹோலிரூட்டின் துறைதான். ஆனால் பிரெக்சிட்டுக்குப் பின் வந்த, பிரிட்டனின் ஒரு பகுதியில் விற்கும் பொருளை மற்ற பகுதிகளிலும் விற்கலாம் என்னும் உள்நாட்டுச் சந்தைச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு தேவைப்பட்டது. கண்ணாடி பாட்டிலை நீக்கினால்தான் விலக்கு என்றது லண்டன். 2023-இல் திட்டத்தையே தள்ளிவைத்தார்கள்.

வரியும் இதே கதைதான். சம்பளத்துக்கான வருமான வரி விகிதங்களை ஹோலிரூட் வைக்கிறது, உச்ச விகிதம் அங்கே 48 சதவீதம், இங்கிலாந்தில் 45. ஆனால் எவ்வளவு வருமானம் வரை வரியே இல்லை என்ற வரம்பை முடிவுசெய்வது இன்னும் லண்டன்தான்.